பாழ்நிலம் பசுமையாக 20 ஆண்டு வேண்டும்!

ஒரு மரக்கன்றை நட எவ்வளவு நேரம் ஆகும்? 5 நிமிடம் ஆகும். அதைப் படம் பிடிக்க? ஒரு நொடி போதும். அந்தக் கன்று மரமாகி நிழல் தர? 10 ஆண்டு ஆகலாம். 20 ஆண்டும் ஆகலாம்.

இந்த மூன்று கணக்கில் முதல் இரண்டைத்தான் பலரும் பார்க்கிறார்கள். மூன்றாவது கணக்கை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் ஆண்டுதோறும் கன்று நடும் விழா நடந்தும், மொட்டைக் குன்று மொட்டைக் குன்றாகவே நிற்கிறது.

பாழான நிலத்தைத் திருத்த முடியுமா? முடியும். பணம் உள்ள கம்பெனியும், நிலத்தோடு வாழும் ஊராரும் கைகோத்தால் முடியும். ஆனால் அந்தக் கூட்டு ஒரு தலைமுறைக் காலம் நீடிக்க வேண்டும். அதன் பலன் ஊரில் உள்ள எல்லோருக்கும் பங்காக வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், கொட்டிய பணம் மழையோடு போன மண்தான்!

இதற்குச் சாட்சி இந்தியாவிலேயே இருக்கிறது. அரியானா மாநிலத்தில் உள்ள சுகோமாஜ்ரி என்ற சின்னக் கிராமம்தான் அது.

ஏரி தூர்ந்தது!

சண்டிகார் நகரத்தில் சுக்னா என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. சிவாலிக் மலையில் இருந்து மழைக்காலத்தில் ஓடி வரும் ஓடையைத் தடுத்து, 1958-ம் ஆண்டு அந்த ஏரியை உண்டாக்கினார்கள். நகர மக்கள் குடும்பத்தோடு போய்க் காற்று வாங்கும் இடம் அது.

20 ஆண்டுகூட ஆகவில்லை. ஏரியின் பாதிக்கு மேல் மண் நிறைந்துவிட்டது. தூர் வாரினார்கள். அடுத்த மழையில் மறுபடியும் மண் வந்தது.

இந்த மண் எங்கே இருந்து வருகிறது? மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், பி.ஆர்.மிஸ்ரா தலைமையில் அதைத் தேடிப் போனார்கள். மேலே மலை மொட்டையாக நின்றது. மலை அடிவாரத்தில் சுகோமாஜ்ரி இருந்தது.

அங்கே அப்போது ஏறக்குறைய 60 குடும்பங்கள். கால்நடை மேய்ப்பதுதான் முக்கியத் தொழில். கொஞ்சம் வயல் உண்டு. ஆனால் அது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பயிர் கருகிவிடும். அப்புறம் ஆட்டை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

ஆடுகள் மலையில் ஏறி மேய்ந்தன. புல் போயிற்று. முளைத்த கன்றும் போயிற்று. வேர் இல்லாத மலையில் மண்ணைப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து ஏரிக்குப் போயிற்று.

இதில் யாருடைய குற்றம் என்று சொல்வது? பசித்த வயிற்றைக் குற்றம் சொல்ல முடியுமா?

உத்தரவு பலிக்கவில்லை

முதலில் விஞ்ஞானிகள் மலையில் தடுப்பணைகள் கட்டினார்கள். மரக்கன்று நட்டார்கள். "இனிமேல் மலையில் ஆடு மேய்க்காதீர்கள்" என்று ஊராரைக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை. நகரத்து ஏரி தூர்ந்து போகிறது என்பதற்காக, கிராமத்தார் தங்கள் ஆட்டை விற்க வேண்டுமா என்ன?

அதன் பிறகுதான் வேறு வழியை யோசித்தார்கள். 1976-ம் ஆண்டு, மழைத் தண்ணீரைத் தேக்க ஊருக்கு மேலே ஒரு மண் அணை கட்டினார்கள். மறு ஆண்டு மழை பொய்த்தது. கோதுமைப் பயிர் வாடியது. அணையில் இருந்த தண்ணீரை வயலுக்கு விட்டார்கள். பயிர் பிழைத்தது!

கிராமத்தார் கண்ணால் கண்டுவிட்டார்கள். மலை மொட்டையாக இருந்தால் இந்த அணையும் தூர்ந்துவிடும் என்பதைப் புரிந்துகொண்டார்கள். அதுவரை நகரத்தாரின் கவலையாக இருந்தது, அன்று முதல் ஊராரின் கவலையும் ஆயிற்று.

நிலம் இல்லாதவருக்கும் பங்கு

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. அணைத் தண்ணீர் யாருக்குப் பயன்படும்? வயல் உள்ளவருக்குப் பயன்படும். வயல் இல்லாதவர் என்ன செய்வார்? அவர் ஆட்டையும் விட வேண்டும்; தண்ணீராலும் அவருக்கு லாபம் இல்லை. அப்படியானால் அவர் ஏன் மலையைக் காக்க வேண்டும்?

நியாயமான கேள்வி அல்லவா?

ஊராரும் விஞ்ஞானிகளும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தண்ணீரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சம பங்கு. வயல் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. வயல் இல்லாதவர் தமது பங்கைத் தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே நிபந்தனைதான்: மலையில் ஆடு ஏறக் கூடாது!

வீட்டுக்கு ஒருவர் உறுப்பினராகச் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். மலையைச் சுற்றி முள்வேலி போடவில்லை. ஊரார் கட்டுப்பாடே வேலி ஆயிற்று. "சமூக வேலி" என்றே அதற்குப் பெயர் வந்தது.

புல்லும் காகித ஆலையும்

ஆடு ஏறாத மலையில் புல் வளர்ந்தது. அதில் பாபர் என்ற புல் ஒன்று. கயிறு திரிக்கலாம். காகிதம் செய்யக் கூழும் எடுக்கலாம். அந்தப் புல்லை முன்பெல்லாம் வெளியூர்க் காண்டிராக்டர்கள்தான் ஏலத்தில் எடுத்து வந்தார்கள். பிறகு காட்டு இலாகா, புல்லைக் கிராமச் சங்கத்துக்கே குத்தகைக்குக் கொடுத்தது.

சங்கம் இலாகாவுக்குக் குத்தகைப் பணம் கட்டியது. ஊரார் குறைந்த கட்டணத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டார்கள். மீந்த பாபர் புல்லைக் காகித ஆலைக்கு விற்றார்கள். கிடைத்த பணம் சங்கத்தின் மூலம் ஊருக்கு வந்தது. ஆடு குறைந்தது. எருமை பெருகியது. பால் விற்ற பணம் வீட்டுக்கு வந்தது. ஏரிக்குப் போகும் மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆலைக்குச் சரக்கு வேண்டும். ஊருக்கு வரும்படி வேண்டும். மலைக்கு வேர் வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைத்தன. யாரும் யாருக்கும் தருமம் செய்யவில்லை. வியாபாரம்தான் நடந்தது. தருமம் செய்கிறவர் கை ஓய்ந்தால் தருமம் நின்றுவிடும். இரு தரப்புக்கும் லாபம் தரும் வியாபாரம் அப்படி லேசில் நிற்காது.

பிறகு என்ன ஆயிற்று?

கதை இதோடு முடிந்திருந்தால் சந்தோஷம்தான். ஆனால் பின்னாளில் சுகோமாஜ்ரியின் மகிழ்ச்சி தேய்ந்தது. மலை வருமானத்தைப் பங்கிடும் விதி மாறியது. ஊருக்கு வர வேண்டிய பங்கு சுருங்கியது. அணைகளிலும் நாளடைவில் மண் படிந்தது. அவற்றைப் பழுதுபார்க்கச் சங்கத்திடம் போதிய பணம் இல்லை. பங்கு குறைந்ததும் ஊராரின் ஊக்கமும் குறைந்தது.

அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. கூட்டு என்பது கல்யாணம் மாதிரி. தாலி கட்டிய நாளோடு வேலை முடிந்துவிடாது! கொடுத்த வாக்கை ஆண்டுக்கு ஆண்டு காப்பாற்ற வேண்டும்.

ஸ்பெயினில் 20 ஆண்டுத் திட்டம்

இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து ஸ்பெயின் நாட்டையும் பார்க்கலாம். அங்கே தென்கிழக்கில் கிரானடா, அல்மேரியா, முர்சியா பகுதிகளில் ஒரு வறண்ட மேட்டு நிலம் இருக்கிறது. பாதாம் மரம்தான் அங்கே முக்கியப் பயிர். மரங்களுக்கு நடுவே புல் பூண்டு இல்லாமல் உழுது உழுது, மண் வெறுமையாகக் கிடந்தது. எப்போதாவது கொட்டும் பெருமழை மேல்மண்ணை அடித்துப் போயிற்று. பிழைப்புத் தேடி இளைஞர்கள் ஊரை விட்டுப் போனார்கள்.

2015-ம் ஆண்டு விவசாயிகளும் ஊர்ப் பெரியவர்களும் வியாபாரிகளும் சேர்ந்து "அல்வெலால்" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். நெதர்லாந்து நாட்டில் 2013-ம் ஆண்டு தோன்றிய "காமன்லேண்ட்" என்ற அமைப்பு துணை நின்றது. நிலத்தைத் திருத்தக் குறைந்தது 20 ஆண்டு, அதாவது ஒரு தலைமுறை வேண்டும் என்பதே அந்த அமைப்பின் கணக்கு.

மரங்களுக்கு இடையே மண்ணைப் போர்த்தும் செடிகளை விதைத்தார்கள். மழைத் தண்ணீர் ஓடாமல் நிற்க வரப்பும் குட்டையும் அமைத்தார்கள். இப்படி விளைந்த பாதாமை விற்பதற்கு ஒரு கம்பெனியும் ஏற்பட்டது. 4 வகை வரவு வேண்டும் என்பது அவர்கள் கொள்கை: மனதுக்கு ஊக்கம், ஊருக்கு வேலை, இயற்கைக்கு உயிர், கைக்குப் பணம். பணம் மட்டும் வந்தாலும் போதாது. பணம் வராமலும் நடக்காது!

தோண்ட 50 ஆண்டு. மூட 3 ஆண்டா?

இந்தியாவில் கம்பெனிகளிடம் இதற்குப் பணம் இல்லையா? இருக்கிறது. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுநலனுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழலைக் காப்பதும் அந்தப் பொதுநலப் பட்டியலில் சேர்ந்ததுதான்.

பணம் இருக்கிறது. காலம்தான் இல்லை! 2021-ம் ஆண்டு வந்த விதிகளின்படி, தொடர்ந்து நடக்கும் ஒரு பொதுநலத் திட்டத்துக்கு, தொடங்கிய ஆண்டு போக, 3 ஆண்டுதான் கெடு. 3 ஆண்டில் கன்று வேர் பிடிக்கலாம். மலை திருந்துமா?

"20 ஆண்டுக்கு எந்தக் கம்பெனி வாக்குக் கொடுக்கும்? லாப நஷ்டம் மாறும். நிர்வாகிகள் மாறுவார்கள்" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 2015-ம் ஆண்டு திருத்திய கனிமச் சட்டப்படி, பெரும்பாலான முக்கியக் கனிமங்களுக்குச் சுரங்கக் குத்தகை 50 ஆண்டு! பூமியைத் தோண்ட 50 ஆண்டு கணக்குப் போட முடிகிறது. தோண்டிய பூமியை மூடி மரம் வளர்க்க 20 ஆண்டு கணக்குப் போட முடியாதா?

சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரு திட்டம் முடிந்ததும் அதே நிலத்துக்கு அடுத்த திட்டம் போடலாம். ஊர் ஊராகத் தாவாமல் ஒரே ஊரில் ஊன்றி நிற்கலாம்.

கம்பெனி நுழைந்தால் நிலத்தையே விழுங்கிவிடாதா என்ற பயமும் சிலருக்கு உண்டு. அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் நிலத்தின் உரிமை ஊரிடமும் உழவரிடமுமே இருக்க வேண்டும்.

ஊரார் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

கன்றோடும் மாலையோடும் கம்பெனிக்காரர் வரும்போது, ஊரார் வரவேற்கட்டும். கூடவே இந்த 4 கேள்விகளையும் கேட்கட்டும்:

1. எத்தனை ஆண்டு எங்களோடு இருப்பீர்கள்?

2. இந்த நிலத்தில் விளைவதை யார் வாங்குவார்? என்ன விலைக்கு?

3. நிலம் இல்லாதவருக்கும், ஆடு மேய்ப்பவருக்கும் என்ன பங்கு?

4. ஒப்பந்தம் எங்கள் மொழியில் எழுதி, கிராம சபையில் எல்லோரும் கேட்கும்படி படிக்கப்படுமா?

நான்குக்கும் சரியான பதில் வந்தால் அது கூட்டு. வராவிட்டால் அது ஒரு நாள் கூத்து!

தேரை ஒருவர் மட்டும் இழுக்க முடியாது. ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும். பாதி வழியில் வடத்தை விட்டுவிட்டாலும் தேர் நிலைக்கு வராது. நிலத்தைத் திருத்துவதும் அப்படித்தான்.

கன்று நடும் அன்று படம் பிடிப்பதில் தவறு இல்லை. தாராளமாகப் பிடிக்கட்டும். ஆனால் 20 ஆண்டு கழித்து, அதே இடத்தில் அதே ஊராரோடு நின்று இன்னொரு படமும் பிடிக்கட்டும். அந்த இரண்டாவது படத்தைப் பத்திரிகைகள் முதல் பக்கத்திலேயே போடலாம்!