பழைய பாம்புக்கடியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்

மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் தைராய்டு, அட்ரினல் முதலிய சுரப்பிகளை இயக்குகிறது. பெரியவர்களுக்கு அது செயலிழக்கக் காரணமாகப் பாடநூல்கள் முதலில் கூறுவது கட்டியையும் அதற்கான சிகிச்சைகளையுமே. பரமக்குடி வட்டாரத்தில் வேறு இரண்டையும் தவறாமல் கேட்டறிய வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஒன்று, பிரசவத்தின்போது நேர்ந்த பெரும் உதிரப்போக்கு. கருவுற்ற காலத்தில் இச்சுரப்பி பருக்கிறது. இரத்த ஓட்டம் திடீரெனக் குறைந்தால் அதன் திசு மடிந்துபோகிறது. ஷீஹன் என்பவர் 1937-இல் விவரித்த நோய் இது. தாய்ப்பால் சுரக்காமையும் மாதவிடாய் திரும்பாமையும் இதன் தொடக்க அடையாளங்கள்.

மற்றொன்று, கண்ணாடி விரியன் கடி. மிளகாய்த் தோட்டத்திலோ கருவேலங்காட்டிலோ கடிபட்டு, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, டயாலிசிஸ் செய்து பிழைத்தவர்களுக்கு இக்குறைபாடு சில ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். தீராத சோர்வு, குளிர் தாங்காமை, இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவற்றைப் பழைய கடியோடு யார் இணைத்துப் பார்க்கிறார்கள்? சோகை என்றோ வயது என்றோ ஒதுக்குவதே வழக்கம்.

தைராய்டு குறைவு மட்டும் தெரிந்து அதற்கு மாத்திரை தொடங்கினால், மறைந்திருக்கும் கார்டிசால் குறைவு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் காலைநேரக் கார்டிசால் பரிசோதனை முந்த வேண்டும். விரியன் கடியிலிருந்து மீண்டவரின் டிஸ்சார்ஜ் தாளில் இவ்வெச்சரிக்கையை எழுதித் தருவது மருத்துவமனைகளின் கடமை என்போம். அத்தாளைப் பத்திரமாக வைத்திருந்து, சாதாரணக் காய்ச்சலுக்குச் சென்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.