விசிறியை மடிக்காதீர்கள்

பணவீக்க முன்கணிப்பில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டுவரும் எனக்கு, 2023 ஜூலை மாதமே ஒரு பாடநூல். ஜூனில் 4.87 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம் ஒரே மாதத்தில் 7.44 சதவீதத்துக்குத் தாவியது. நுகர்வோர் விலைக் குறியீட்டில் அன்று காய்கறிகளின் பங்கு 6 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அவற்றின் விலையோ, தக்காளியின் உபயத்தால், ஓராண்டில் 37 சதவீதம் ஏறியிருந்தது. ஜூலை-செப்டம்பர் காலாண்டுக்கு 5.2 சதவீதம் என ஜூனில் கணித்த ரிசர்வ் வங்கி, ஆகஸ்டில் அதை 6.2 ஆக உயர்த்தியது.

இதைக் கணிப்பின் தோல்வி என்று ஏளனம் செய்வது எளிது. கடந்தகால விலைத்தொடரை மட்டுமே அறிந்த மாதிரி, இனிப் பெய்யவிருக்கும் மழையை அறியாது. என் குறை வேறு. ரிசர்வ் வங்கி தன் பணக்கொள்கை அறிக்கையில், நிகழ்தகவு எல்லைகளைக் காட்டும் விசிறி வரைபடத்தையும் வெளியிடுகிறது. விசிறி விரியும் அளவே நிச்சயமின்மையின் அளவு. தலைப்புச் செய்தியாகும்போது விசிறி மடிக்கப்பட்டு, ஒற்றை எண் மட்டும் எஞ்சுகிறது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்குபவர் காண்பது அந்த எண்ணை மட்டுமே. கொள்கை அறிவிக்கப்படும் நாளில், புதிய கணிப்புடன் அதன் எல்லைகளையும் முந்தைய கணிப்பின் பிழையையும் ஆளுநர் தம் உரையிலேயே சொல்லவேண்டும். செய்தித்தாள்கள் அவற்றையும் முதல் பக்கத்தில் அச்சிடவேண்டும்.