கரன்ட்டா? பெட்ரோலா?



சென்ற ஆண்டுத் தேர்வில் ‘பேட்டரி காயில் இக்னிஷன்’ படம் வரையச் சொன்னார்கள். நன்றாகவே வரைந்தேன். அதே மாதம் ஒரு அம்பாசடர் காரிடம் தோற்றுப் போனேன். அந்தத் தோல்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒரு முதலாளியிடம் டிரைவர். வண்டி, மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர். (உத்தர்பாராவில் 2014-லேயே தயாரிப்பு நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு அந்த வண்டிதான் வேணும் என்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் உண்டு.) ஒரு கல்யாண நாள் விடியற்காலை, செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

“டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்க்கலாமாப்பா?” என்று அப்பா என்னைக் கேட்டார். இருபது வருஷம் அந்த வண்டியோடு பழகியவர் என்னிடம் அனுமதி கேட்கிறார்! எங்கள் குடும்பத்திலேயே முதலில் படிக்க வந்தவன் நான் அல்லவா? “காயில் போயிருக்கும்ப்பா” என்றேன், எதையும் சோதிக்காமலே.

தெரிந்த கடைக்காரரை எழுப்பிக் காயில் வாங்கினோம். அப்பாவின் இரண்டு நாள் பேட்டா போச்சு. புதுக் காயிலுக்கும் வண்டி மசியவில்லை. அதன்பிறகுதான் அப்பா மூடியைக் கழற்றினார். பிளாட்டினம் பாயின்ட் கரிந்து குழி விழுந்து கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். இடைவெளி 0.015 அங்குலம் என்பது எனக்கு மனப்பாடம். அவரோ தீப்பெட்டி அட்டையைச் செருகி வைத்தார். இரண்டாவது செல்ஃபில் வண்டி பிடித்துக்கொண்டது.

முதலாளியிடம், “காயில் பழசுங்க, பையன் சொன்னது சரிதான்” என்றார். காசும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், முதல் கேள்வி கரன்ட்டா, பெட்ரோலா என்பதுதான். காயிலிலிருந்து வரும் தடித்த வயரை மூடியிலிருந்து உருவி, எஞ்சின் பிளாக்குக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். பொறி பாய்ந்தால் காயிலை விட்டுவிடலாம். ரோட்டர், மூடி, பிளக், பிறகு பெட்ரோல் என்று போகலாம். பொறி இல்லையா? பாயின்ட் பக்கத்துக் காயில் முனையில் டெஸ்ட் லாம்பை வைத்துச் செல்ஃப் அடித்தால், லாம்ப் விட்டுவிட்டு எரிய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயின்ட் சேரவில்லை. ஐந்து நிமிஷ வேலை, பைசா செலவில்லை. இந்த வரிசை என் பிராக்டிக்கல் நோட்டில் எங்குமே இல்லை!

“இப்போது வருவதெல்லாம் பி.எஸ்.6, பாயின்ட் எதற்கு?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஸ்கேனரில் P0351 என்று கோடு வந்தால், அது முதல் காயிலின் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்கிறது. காயில்தான் போச்சு என்று சொல்லவில்லை. வயரோ கனெக்டரோ காரணமாக இருக்கலாம். கோடைப் பார்த்ததும் காயில் வாங்க ஓடுகிறவன், அன்று விடியற்காலை நான் செய்ததையேதான் செய்கிறான்.

எனவே நம் துறை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேபில் உள்ள பழைய எஞ்சினில் வாரம் ஒரு கோளாறு வையுங்கள். பாயின்ட் நடுவே ஒரு துண்டுக் காகிதம் போதும். அரை மணி நேரத்தில் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். விடைக்கு அல்ல, தேடிய வரிசைக்கு மார்க் போடுங்கள்.

அன்று கழற்றிய பழைய காயில் என்னிடம்தான் இருக்கிறது. நல்ல காயில்தான். லேபுக்கே கொடுத்துவிடுகிறேன்.