மேகமலையின் வௌவால்

"ஹஜ்ரத், ஈளை நோய்க்கு வௌவால் கறி நல்ல மருந்து என்று எங்கள் உம்மம்மா சொல்கிறார்களே, உண்மைதானா?" என்று மாணவர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் வினவினார். விடை சொல்லுமுன் ஒரு வௌவாலின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தேன்.

1948ஆம் ஆண்டு, இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையில், இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்தார். அதன் பாடம் செய்த உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தது. நம் ஊர்களில் பனையோலைகளில் தொங்கும் சாதாரண வௌவால் என்றே அதற்குப் பெயர் எழுதி வைத்தார்கள். இருபதாண்டுகளுக்கும் மேலாக அப்பிழையை எவரும் அறியவில்லை. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லொங்யா அதனைக் கூர்ந்து நோக்கி, இது முற்றிலும் வேறோர் இனம் என்று கண்டார். பனையோலை வௌவாலுக்குச் சிறு வால் உண்டு, இதற்கு இல்லை. அதற்கு ஒவ்வொரு தாடையிலும் இரண்டு இணை வெட்டுப்பற்கள். இதற்கோ ஓர் இணைதான். 1972இல் அவர் இதற்குப் பறவையியல் மேதை சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் பெயரை அறிய இதே கழகத்தின் படியேறியவர்தாம் அந்தச் சலீம் அலி என்பது எண்ணத்தக்கது.

உடல் நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். தலையில் கருமை கலந்த பழுப்பு நிற மயிர். இறக்கைகளோ மெல்லியவை, வெளிர்பழுப்பு நிறத்தவை. பகலெல்லாம் மலைக்குகைகளில் கூட்டமாகத் தொங்கும். அந்தி மயங்கியதும் வெளியேறி, கண்ணையும் மோப்பத்தையும் துணைகொண்டு அத்திப் பழங்களையும் உருத்திராட்ச இனத்துப் பழங்களையும் தேடி உண்ணும். உண்ட பழத்தின் விதைகளைத் தொலைவில் உதிர்ப்பதால் காடு தழைக்கிறது.

மீண்டும் இது காணப்பட்டது 1993இல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியன்றி உலகில் வேறெங்கும் இது வாழ்வதாக அறியப்படவில்லை. அழியும் ஆபத்திலுள்ள இவ்வினத்தைச் சட்டம் காக்கிறது. ஆயினும், கறிக்காகவும் 'மருந்து' என்ற நம்பிக்கையாலும் குகைகளில் புகுந்து வேட்டையாடுவோர் உளர். ஒரே குகையில் கூடி வாழும் உயிருக்கு ஓர் இரவு வேட்டையே பேரிழப்பாகும்.

"வௌவால் கறியால் ஈளை தீராது, தம்பி. உம்மம்மாவை நல்ல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்" என்றேன். மறுநாள் அவர் சொன்னார்: "உம்மம்மா ஒப்புக்கொண்டார்கள், ஹஜ்ரத். ஆனால், அந்தச் சலீம் அலியின் கதையை நீங்களே வந்து சொல்ல வேண்டுமாம்!"