மேதைப் பைத்தியம்

ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்திருக்கும் மனிதரோடு தர்க்கம் செய்யக் கூடாது. என் நண்பர், தலையில் தாளம் விழுந்துகொண்டிருக்க, அருவி இரைச்சலுக்கு மேல் கத்தினார்: "டூரிங் என்ற ஒரே மேதை ஐயா! அவன் இல்லாவிட்டால் எனிக்மா உடைந்தே இருக்காது!"

சினிமா தந்த ஞானம். எனிக்மாவின் உள்ளமைப்பை 1932-லேயே போலந்துக்காரர் ரெயெவ்ஸ்கி கணக்குப் போட்டுக் கண்டுவிட்டார். டூரிங் மேதையல்ல என்று நான் சொல்லவில்லை. தனி ஒருவன் யுத்த ரகசியத்தை உடைத்தான் என்பது, என்னைப் போல் நாவல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு வசதியான பொய் என்கிறேன். சங்கேதத்தைக் காட்டிக் கொடுப்பது அதைக் கையாளுகிறவனின் பழக்கம். பிடிப்பது எதிரியின் பொறுமை.

ஜப்பானிய ராணுவத்தின் கப்பல் போக்குவரத்துச் சங்கேதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு இலக்க எண். அதன்மேல் இன்னொரு புத்தகத்திலிருந்து தாறுமாறான எண்களைக் கூட்டுவார்கள். பத்தைத் தாண்டினால் மேலே ஏற்றுவது கிடையாது. அசைக்க முடியாத கோட்டைதான். ஆனால் எந்தப் பக்கத்து எண்ணைக் கூட்டினோம் என்று பெறுகிறவனுக்குச் சொல்லியாக வேண்டுமே! அந்தக் குறிப்பும் செய்தியோடே போயிற்று. டில்லி ஆனந்த பர்வதத்து வயர்லெஸ் நிலையத்தில் நாய்ஸும் ஆலனும், மூன்றாவது எண்தொகுதியின் முதல் இலக்கம் தாறுமாறாக இல்லை என்று கவனித்தார்கள். (இந்த நாய்ஸ் 1953-ல் எவரெஸ்ட் கோஷ்டியில் ஏறியவர்.) 1943 ஏப்ரலில் டில்லியிலும் பிரிஸ்பேனிலும் கோட்டை திறந்தது.

அடுத்த கூத்து நியூகினியில். பின்வாங்கிய ஜப்பானிய 20-வது டிவிஷன், ஸியோ என்ற இடத்தில் சங்கேதப் புத்தகங்களை எரிக்காமல் பெட்டியில் வைத்துப் புதைத்தது. மேலட்டைகளை மட்டும் கிழித்துக்கொண்டார்கள். அழித்தாயிற்று என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டாமா? நம் கச்சேரிகளில் பைல் நகரும் விதம் அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. 1944 ஜனவரியில் கண்ணிவெடி தேடிவந்த ஆஸ்திரேலியச் சிப்பாயிடம் பெட்டி அகப்பட்டது. ஈரத் தாள்களை உலர்த்திப் படித்தார்கள். எந்த மேதை வந்து உலர்த்தினான்?

டில்லி நிலையத்துக்குப் பெங்களூரில் ஒரு கிளை இருந்தது. இந்தக் காவிரிக் கரையிலிருந்து அரை நாள் பிரயாணம். இத்தகைய நிலையங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அர்த்தம் தெரியாத எண்களை இரவெல்லாம் பிழையில்லாமல் எழுதியவர்கள் இருந்தார்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நாய்ஸ் எதைக் கவனித்திருப்பார்? டூரிங்குக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிற நம் பத்திரிகைகள், பெங்களூருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கட்டும். அதுவரை எனிக்மா கட்டுரை கேட்டு எனக்குக் கடிதம் போட வேண்டாம்.