கோடு கிழித்த கரங்கள்

கொரியாவைப் பிளந்தது யார்? "கம்யூனிசம்" என்பர் ஒரு சாரார்; "டாலர்" என்பர் மறு சாரார். நாம் கேட்கிறோம்: கொரிய மக்களைக் கேட்டவர் யார்?

1910 முதல் 35 ஆண்டுகள் ஜப்பானின் காலடியில் நசுங்கிய நாடு அது. விடுதலை வாயிலை எட்டிய வேளையில், 1945 ஆகஸ்டில், வாஷிங்டனில் இரு இராணுவ அதிகாரிகள் நள்ளிரவில் படமொன்றை விரித்தனர். அரைமணி நேரத்தில் 38ஆம் அட்சக்கோட்டைத் தேர்ந்தனர். தலைநகர் சியோல் தம் பக்கம் விழவேண்டும், அதுதான் கவலை! ஸ்டாலின் மறுப்பின்றி இசைந்தார். சந்தையில் மாடு வாங்குபவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானே!

சுதந்திரம் காக்க வந்தோம் என்றது ஒரு முகாம். சுரண்டலை ஒழிக்க வந்தோம் என்றது மற்றொன்று. சொல்லில் பகை, பங்கீட்டில் உறவு! 1948இல் இரு அரசுகள் முளைத்தன. 1950 ஜூன் 25இல் வடக்கின் படை, ஸ்டாலினின் ஒப்புதலோடு, கோட்டைத் தாண்டிற்று. அமெரிக்க விமானங்கள் வடபுலத்து ஊர்களை எரித்துக் கரியாக்கின. இலட்சக்கணக்கில் மாண்டனர். 1953 ஜூலை 27இல் பீரங்கிகள் ஓய்ந்தபோது எல்லை எங்கே நின்றது? ஏறத்தாழ அதே கோட்டருகே!

அந்தப் போர்நிறுத்த ஏட்டில் தென்கொரியாவின் கையெழுத்தே இல்லை. இரு முகாம்களில் ஒன்றை விடுதலை வீரனென்று போற்றும் நண்பர்களே, அந்த ஏட்டை முதலில் படித்துவிட்டு வாருங்கள், பிறகு வாதிடுவோம்.