ஓர் எண்ணுக்குப் பின்னால் எத்தனை ‘ஆம்’?

‘மழை பெய்தது’ என்பதற்கும் ‘மழை பெய்ததாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்பே அறியும். முன்னது பேசுபவர் பொறுப்பேற்கும் கூற்று. பின்னது கேள்விப்பட்ட செய்தி. முதுகலையில் மொழியியல் பயின்று, இப்போது நிலநடுக்க இடர் அறிக்கைகளின் மொழியை ஆராயும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவ்வறிக்கைகளின் எண்களுக்கு ‘ஆம்’ என்னும் ஒட்டு இல்லை.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரியை 6.2 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்போது நடப்பிலிருந்த ஐஎஸ் 1893 வரைபடத்தில் அப்பகுதி இடர் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. மக்களைக் கொன்றவை கல்லும் மண்ணுமாக எழுப்பிய கனத்த சுவர்களே. ஆயினும் அச்சுவர்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை என்ற தோற்றத்தை வரைபடம் தந்திருந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதல் மண்டலம் இரண்டாம் மண்டலத்தோடு இணைக்கப்பட்டது.

இன்றைய நிகழ்தகவு முறை அதைவிட நுட்பமானது. நிலநடுக்கத்தின் அளவு, தொலைவு, மண்ணின் தன்மை ஆகியவற்றைக் கொடுத்தால், நில அசைவு மாதிரி ஓர் இடைநிலை மதிப்பையும் அதன் சிதறலையும் தருகிறது. இயல் மடக்கை அலகில் அச்சிதறல் 0.6 எனக் கொள்வோம். ஒரு திட்ட விலக்கம் மேலே சென்றாலே முடுக்கம் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். தீபகற்ப இந்தியாவிலோ வலுவான அதிர்வுகளை அருகிருந்து பதிந்த கருவிப் பதிவுகள் மிகச் சில. எனவே பிற நாட்டுத் தரவுகளில் உருவான மாதிரிகளையும் கணினிப் போலாக்கத்தில் பிறந்த மாதிரிகளையும் கடன்வாங்குகிறோம். அவற்றை ஒரு தருக்க மரத்தின் கிளைகளாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை எடை என்று வல்லுநர் தீர்ப்பின்படி வழங்குகிறோம். கடைசியில் வெளிவருவது ஒற்றை எண்.

உணர்திறன் பகுப்பாய்வு அந்த எண்ணின் ‘ஆம்’களை எண்ணிக் காட்டும் கருவி. ஒரு மாதிரியை நீக்கினால், எடைகளை மாற்றினால், 50 ஆண்டுகளில் 10 விழுக்காடு மிகைநிகழ்தகவுக்குரிய முடுக்கம் எவ்வளவு நகர்கிறது? நான் வாசித்த ஆய்வேடுகள் பலவற்றில் இக்கேள்விக்கான விடை பின்னிணைப்பில் ஒரு படமாக ஒதுங்கிவிடுகிறது; முடிவுரையில் அதற்கு ஒரு வாக்கியமும் இல்லை.

‘பொறியாளருக்கு ஓர் எண் போதும், வீச்சைக் கொடுத்தால் கட்டுபவர் குறைந்ததையே தேர்வார்’ என்பர் சிலர். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஒற்றை எண்ணைத் தேர்வது விதிநூல் எடுக்கும் முடிவு. அது அளவீடு அன்று. இரண்டையும் ஒரே வினைமுற்றால் கூறுவதே பிழை.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஐந்து மாதிரிகள் ஒத்துப்போனால் உணர்திறன் குறைவு என்று மகிழ்கிறோம். அவை ஐந்தும் ஒரே தரவுத்தொகுப்பின் வழிவந்தவை எனில், ஒரே வதந்தியை ஐந்து வாய்களால் கேட்டிருக்கிறோம், அவ்வளவே. சாட்சிகள் உறவினரா என்று கேட்காத பகுப்பாய்வு, அறியாமையையே உறுதியாக உடுத்திக் காட்டும்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. முடிவுரையில் எண்ணை எழுதும் அதே வாக்கியத்தில் அதன் வீச்சையும், அதை மிகுதியாக அசைக்கும் அனுமானத்தையும் எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் வேறெதைக் கேட்காவிடினும் ‘இது பெய்ததா, பெய்ததாமா?’ என்று கேளுங்கள். கில்லாரியின் வரைபடத்தை நோக்கி அக்கேள்வியை உரிய காலத்தில் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.